மலருக்கு முகம் வந்த கதை



மாசி மாதத்தில் வடநாட்டு நகரங்களின் பூங்காக்கள் தனி அழகு பெறுகின்றன. பனி விலகி, வெயில் இன்னும் கடுமை கொள்ளாத அந்தச் சில வாரங்களில், தில்லியிலும் லக்னோவிலும் சண்டிகரிலும் சிறு வீட்டுத் தோட்டங்களில்கூடப் பாத்தி பாத்தியாகப் பூக்கள் நிற்கும். அவற்றுள் ஒன்று, முழங்கால் உயரத் தண்டில் வரிசையாக வாய் மூடி நிற்கும் ஒரு மலர். அதன் இரு கன்னங்களையும் விரல்களால் மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். மொழி வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளும் விளையாடும் விளையாட்டு இது. நாற்று விற்போர் இதனை ‘டாக் பிளவர்’ என்கின்றனர். ஆங்கிலேயர் இதில் டிராகன் என்னும் கற்பனை விலங்கின் வாயைக் கண்டனர். தாவர நூலார் வழங்கும் ஆன்டிரைனம் என்ற பெயரோ, மூக்கை ஒத்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாயா டிராகனா, வாயா மூக்கா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். இம்மலருக்கு ஒரு முகம் உண்டு என்பதில் எல்லா நாட்டவரும் ஒருமனப்படுகின்றனர்.

எல்லா மலர்களுக்கும் முகம் இல்லை. பூசணிப் பூவையோ தாமரையையோ எந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாலும் அது ஒன்றுபோலவே தோன்றும். பூசணிப் பூவை நடுவழியாக வெட்டிச் சம பாதிகளாக்க ஐந்து வழிகள் உண்டு. ஆன்டிரைனத்தையோ, அவரை, பட்டாணி, துளசி, தும்பை முதலியவற்றின் பூக்களையோ அவ்வாறு வெட்ட ஒரே ஒரு வழிதான் உண்டு. மேலிருந்து கீழாக, நம் முகத்தை மூக்கின் வழியாகப் பிரிப்பதுபோல. முன்னதை ஆரச் சமச்சீர் என்றும், பின்னதை இருபக்கச் சமச்சீர் என்றும் பாடநூல்கள் கூறுகின்றன. மொழிபெயர்ப்பையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட நாம் இச்சொற்களைக் குறைகூற மாட்டோம், பிழையற்ற சொற்கள்தாம். ஆயினும், ஒலிபெருக்கியின் வழியே கேட்கும்போது சற்றுக் கரடுமுரடாக இருக்கின்றன. எனவே இந்தப் பேச்சு முடியும்வரை அவற்றை வட்டப்பூ, முகப்பூ என்று அழைப்போம்.

மலருக்கு முகம் எதற்கு? வண்டுக்காக. வட்டப்பூவில் வண்டு எத்திசையிலிருந்தும் வந்து இறங்கலாம். மகரந்தம் அதன் காலிலோ வயிற்றிலோ தலையிலோ, எங்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். முகப்பூவில் அந்தச் சுதந்திரம் இல்லை. கீழிதழ் இறங்குதுறையாக நிற்கிறது. மேலிதழ்கள் கூரையாகக் கவிந்திருக்கின்றன. கூரையின் அடியில் மகரந்தத் தாள்கள் ஒளிந்திருக்கின்றன. வருகிற தேனீ ஒரே வழியாக, ஒரே நிலையில்தான் நுழைய முடியும். மகரந்தம் அதன் முதுகில் குறிப்பிட்ட இடத்தில் படியும். அடுத்த மலரின் சூல்முடியும் சரியாக அதே இடத்தைத்தான் தொடும். ஆன்டிரைனத்தின் மூடிய வாய் இன்னும் ஒரு படி மேலே சென்ற ஏற்பாடு. பம்பிள் தேனீ போன்ற பருத்த, வலிய தேனீக்களே அதைத் திறக்க வல்லவை. தேனை உண்டுவிட்டு மகரந்தத்தைச் சுமக்காமல் செல்லும் சில்லறைப் பூச்சிகளுக்குக் கதவு அடைப்பு.

இத்துணைப் பொருத்தமான அமைப்பு ஒரே அடியில் மாறிவிடக்கூடுமா? கூடும் என்பதை முதன்முதலில் எடுத்துக்காட்டிய செடி ஸ்வீடன் நாட்டில் கிடைத்தது. 1742ஆம் ஆண்டில் உப்சாலா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஸ்டாக்ஹோமை அடுத்த தீவுக்கூட்டத்தில் செடி திரட்டச் சென்றார். அங்கே லினேரியா என்னும் மஞ்சள் நிறக் காட்டுப்பூ எங்கும் வளரும். அது ஆன்டிரைனத்தின் உறவு; அதே வாய், அதே முகம். கீழிதழிலிருந்து வால்போல நீண்ட தேன்குழல் ஒன்று தொங்குவது மட்டுமே வேறுபாடு. மாணவர் கொணர்ந்த செடியின் இலையும் தண்டும் மணமும் லினேரியாவினுடையவை. பூக்களோ முகமற்ற வட்டக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாலுக்குப் பதில் ஐந்து வால்கள்.

செடி லின்னேயஸிடம் வந்தது. உயிரினங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய அதே பேரறிஞர்தாம். யாரோ வேறொரு செடியின் பூக்களை ஒட்டிவைத்து விளையாடுகிறார்கள் என்றுதான் அவர் முதலில் எண்ணினார். ஒட்டுவேலை அன்று என்று தெளிந்தபோது அவருக்கு உண்டான கலக்கம் சாதாரணமானதன்று. தாவரங்களை அவர் வகுப்புகளாகப் பிரித்தது மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் கொண்டு. லினேரியாவுக்கு நான்கு தாள்கள், இரண்டு நெடியவை, இரண்டு குறியவை. ஆகவே அது ஒரு வகுப்பு. இந்தப் புதுப் பூவுக்கோ ஐந்து தாள்கள். ஆகவே அது முற்றிலும் வேறு வகுப்பு. இலையால் ஒரு குலம், பூவால் வேறு குலம்! படைப்பின் நாளிலேயே இனங்கள் அனைத்தும் அளந்து வைக்கப்பட்டுவிட்டன என்பது அக்காலத்து நம்பிக்கை. லின்னேயஸின் வகைப்பாடும் அதன்மீதே நின்றது. 1744இல் வெளியான ஆய்வேட்டில் அச்செடிக்கு அவர் பெலோரியா என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் அரக்க வடிவம் என்பது அதன் பொருள். லினேரியா வேறொரு செடியின் மகரந்தத்தால் கருவுற்று ஈன்ற புதிய இனம் இது என்று ஊகித்தார். ஊகம் தவறானது. ஆயினும், தம் வகைப்பாட்டைக் குலைக்கக்கூடிய ஒரு செடியை மறைக்காமல் தாமே உலகுக்கு அறிவித்த நேர்மையை நாம் மறத்தல் ஆகாது. இனங்கள் அசையாதவை என்ற உறுதி அவருக்குப் பிற்காலத்தில் தளரத்தான் செய்தது.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தில் கெண்ட் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் டார்வின் தம் தோட்டத்தில் ஆன்டிரைனத்தை வைத்து ஒரு சோதனை செய்தார். ஆன்டிரைனத்திலும் பெலோரிய வடிவம் உண்டு. முகமுள்ள செடிக்கும் முகமற்ற செடிக்கும் அவர் இருவழியாகவும் கலப்புச் செய்தார். பிறந்த நாற்றுகள் இரண்டு பெரிய பாத்திகளை நிரப்பின. அவற்றில் முகமற்றது ஒன்றுகூட இல்லை. பின்னர் அக்கலப்புச் செடிகளைத் தம்முள்ளேயே விதைக்கவிட்டார். அடுத்த தலைமுறையில் 127 நாற்றுகள். 88 செடிகளில் வழக்கமான முகப்பூக்கள். இரண்டில் இடைப்பட்ட வடிவம். 37 செடிகளில் முழுமையான வட்டப்பூக்கள். ஒரு தலைமுறை முழுவதும் மறைந்திருந்த வடிவம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காக மீண்டு வந்துவிட்டது.

இந்த எண்களை இன்று பள்ளி மாணவனிடம் காட்டினாலும், மூன்றுக்கு ஒன்று என்பான். டார்வின் இவற்றை அச்சிட்டது 1868ஆம் ஆண்டில். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1866இல், மெண்டல் பாதிரியாரின் பட்டாணி ஆராய்ச்சி அச்சாகியிருந்தது. மறைந்த பண்பு மூன்றுக்கு ஒன்றாக மீள்வது ஏன் என்பதற்கு விடை அதில் இருந்தது. டார்வின் அதை அறியவில்லை. வட்ட வடிவத்தை நோக்கிய நாட்டம் ஒரு தலைமுறை ஓய்வெடுத்து வலுப்பெற்றது என்பதுபோல் விளக்கம் தந்து மேலே சென்றுவிட்டார். மெண்டலின் கட்டுரை டார்வினின் நூலகத்தில் பக்கம் பிரிக்கப்படாமலே கிடந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. நமக்கும் கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியொரு பிரதி அங்கே இருந்ததற்குச் சான்று இல்லை. கிடைத்திருந்தாலும் பயன்பட்டிருக்குமா என்பது ஐயமே. டார்வின் தேடியது மெல்ல மெல்ல நிகழும் மாற்றத்தை. ஒரே தாவலில் தோன்றும் அரக்க வடிவங்களை அவர் விந்தைகளாகவே கருதினார். கணக்கு கையில் இருந்தும் கேள்வி வேறாக இருந்தது.

மெண்டலின் விதிகள் 1900இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின்படி ஆன்டிரைனத்தின் முகத்தை ஆளும் மரபணு ஒன்று இருத்தல் வேண்டும். அதைப் பிடித்துக் காட்ட மேலும் தொண்ணூற்றாறு ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்தின் நாரிச் நகரத்து ஜான் இன்ஸ் ஆய்வு நிலையத்தில் என்ரிக்கோ கோவனும் அவருடைய குழுவினரும் அதற்குக் கையாண்ட வழி அழகானது. ஆன்டிரைனத்தின் டி.என்.ஏ. இழையில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் சில உண்டு. செடியை 15 டிகிரி அளவிலான குளிர்ச்சியில் வளர்த்தால் அவை மிகுதியாகத் தாவும். தாவிய துண்டு ஏதேனும் ஒரு மரபணுவின் நடுவில் போய் விழுந்தால் அந்த மரபணு செயலிழக்கும். ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்து, முகம் கெட்ட பூ எதில் தோன்றுகிறது என்று பார்த்து, அதில் துண்டு விழுந்த இடத்தைத் தேடினால் முகத்தின் மரபணு அகப்படும். 1996இல் அகப்பட்டது. அதற்கு சைக்ளாய்டியா என்று பெயர். அதனுடன் டைக்கோட்டோமா என்ற துணை மரபணு ஒன்றும் உண்டு. இரண்டும் கெட்டுப்போனால் பூ முழு வட்டமாகிவிடுகிறது.

இது வேலை செய்யும் விதத்தைச் சிறிது விரிவாகக் கூறுவோம். ஆன்டிரைனத்தின் அரும்பு தண்டின் பக்கவாட்டில் தோன்றுவது. ஆகவே அதற்குப் பிறவியிலேயே தண்டை நோக்கிய பக்கம் ஒன்று, வெளியை நோக்கிய பக்கம் ஒன்று என இரு பக்கங்கள் உண்டு. தண்டை நோக்கியது மேல், மற்றது கீழ். கண்ணுக்குப் புலப்படாத சிறு மேடாக அரும்பு இருக்கும் நிலையிலேயே, சைக்ளாய்டியா அதன் மேற்பக்கத்தில் மட்டும் விழித்தெழுகிறது. அங்கே இது இரண்டு காரியங்களைச் செய்கிறது. மேலிதழ்கள் இரண்டையும் மற்றவற்றிலிருந்து வேறாக வளரச் செய்கிறது. மேலே நடுவில் தோன்றும் ஐந்தாவது மகரந்தத் தாளின் வளர்ச்சியைத் தடுத்துவிடுகிறது. இயல்பான மலரில் நான்கு தாள்களே இருப்பதன் காரணம் இதுதான். மரபணு உறங்கிவிட்டால் மேலிதழ் என்று ஒன்று உருவாவதில்லை. ஐந்து இதழ்களும் கீழிதழின் வடிவையே கொள்கின்றன. ஐந்தாவது தாளும் வளர்ந்துவிடுகிறது. லின்னேயஸைக் கலங்கவைத்த கணக்கு இங்கே தீர்கிறது. கீழிதழுக்கு ஒரு வால் என்றால், ஐந்தும் கீழிதழாகும்போது ஐந்து வால்கள். நான்கு தாள் வகுப்பிலிருந்து ஐந்து தாள் வகுப்புக்குச் செடி தாவியது புதிய ஒன்றைப் பெற்றதால் அன்று. ஒரு தடை நீங்கியதால்.

சைக்ளாய்டியா தனியாக ஆட்சி செய்வதில்லை. அது ரேடியாலிஸ் என்ற மற்றொரு மரபணுவை எழுப்புகிறது. கீழிதழின் வடிவைத் தருவது டைவரிக்கேட்டா என்ற மூன்றாவது மரபணு; ரேடியாலிஸ் மேற்பக்கத்தில் அதன் கையைக் கட்டிப்போடுகிறது. இந்தக் கூட்டத்தின் சுற்றத்தார் பிற செடிகளிலும் பரவியிருக்கின்றனர். பல கிளைகளாகப் படர்ந்த டியோசின்டே என்னும் காட்டுப் புல்லை ஒற்றைத் தண்டாக நிமிர்ந்த மக்காச்சோளமாக மெக்சிகோவின் பழங்குடியினர் மாற்றினரே, அந்த மாற்றத்தில் பெரும்பங்கு வகித்த மரபணுவும் சைக்ளாய்டியாவின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டுவிட்டு நகர்வோம். இதழ் எந்த வடிவில் வளரும் என்பது ஒரு கேள்வி. ஓர் உறுப்பு இதழாகவே வளர்வதா, மகரந்தத் தாளாக வளர்வதா என்பது வேறு கேள்வி. மலரின் உறுப்புகள் அனைத்தும் உருமாறிய இலைகளே என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1790இல் எழுதினார். அவ்வுறுப்புகளின் அடையாளத்தை மூன்று வகை மரபணுக்களின் கூட்டு முடிவு செய்கிறது என்று கோவனும் அமெரிக்காவின் மெயரோவிட்ஸும் 1991இல் விளக்கினர். ஐந்து இதழ்க் காட்டு ரோஜா அடுக்கு ரோஜாவானது அந்த மூன்றில் ஒன்றின் எல்லை சுருங்கி, தாளாக வேண்டியவை இதழாகிப்போனதால். அது தனிப் பேச்சுக்கு உரிய பொருள்.

நாம் முகத்துக்குத் திரும்புவோம். இன்றுள்ள பூச்செடிகளை ஒப்பிட்டுப் பார்த்து, அவற்றின் பொது மூதாதையின் மலர் வட்டப்பூவாகவே இருந்திருக்கும் என்று அறிஞர் கணிக்கின்றனர். முகம் பின்னால் வந்தது. அதிலும் வியப்பு, அது ஒருமுறை தோன்றிப் பரவியதன்று. வெவ்வேறு கிளைகளில் குறைந்தது 130 தடவைகள் தனித்தனியே தோன்றியிருக்கிறது என்றும், ஏறத்தாழ 70 தடவைகள் முகம் மறைந்து மீண்டும் வட்டமாகியிருக்கிறது என்றும் 2016இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அவரையின் முகத்துக்கும் ஆன்டிரைனத்தின் முகத்துக்கும் பிறப்பால் தொடர்பு இல்லை. இரண்டு குலங்களும் வட்டப்பூவிலிருந்து தனித்தனியே புறப்பட்டு வந்தவை. அப்படியானால் மரபணுவும் வேறு வேறாக அல்லவா இருத்தல் வேண்டும்? பட்டாணியில், பக்க இதழ்கள் தம் வடிவை விட்டு அடியிதழ்களைப்போல் மாறிவிடும் வகை ஒன்று முன்பே அறியப்பட்டிருந்தது. 2008இல் அதன் காரணத்தைத் தேடியபோது கிடைத்ததும் சைக்ளாய்டியாவின் உறவினரே. இயற்கை ஒவ்வொரு முறையும் புதுக் கருவி செய்யவில்லை. வட்டப்பூக்களிலும் முன்பே இருந்த ஒரு கருவியையே எடுத்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது.

கருவி ஒன்றானாலும் வேலை ஒன்றன்று. வடநாட்டில் குளிர்காலம் முடிந்து கடுகு வயல்கள் மஞ்சள் பூத்துக் கிடப்பதை ரயில் பயணத்தில் காணாதவர் நம்முள் இரார். கடுகுப் பூவின் நான்கு இதழ்களும் சமம். அதே குடும்பத்தைச் சேர்ந்த கேண்டிடஃப்ட் என்னும் பூ நம் பூங்காப் பாத்திகளின் ஓரத்தில் வெண்மையாக நிற்கும். அருகில் சென்று பார்த்தால் அதன் இரண்டு இதழ்கள் சிறியவை, இரண்டு பெரியவை. சிறிய இதழ்களில் சைக்ளாய்டியாவின் உறவினர் மிகுதியாக வேலை செய்து அவற்றின் வளர்ச்சியை அடக்குகிறது என்று 2007இல் தெரியவந்தது. ஆன்டிரைனத்தில் மேலிதழைப் பெருக்கும் அதே குலத்து மரபணு, இங்கே மேலிதழைக் குறுக்குகிறது. எந்த அதிகாரி எந்தக் காரியாலயத்தில் அமர்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே கையொப்பத்தின் விளைவு மாறுவதில்லையா?

சூரியகாந்தி மற்றொரு வேடிக்கை. நாம் ஒரு பூ என்று கருதுவது பல நூறு பூக்களின் கூட்டம். நடுவிலுள்ளவை சின்னஞ்சிறு வட்டக் குழாய்கள். விளிம்பில் இதழ்போல நீண்டிருப்பவை ஒவ்வொன்றும் ஒரு முழு முகப்பூ. வான்கா 1888இல் தீட்டிய புகழ்பெற்ற சூரியகாந்தி ஓவியங்களில் நடுவட்டமே இல்லாமல் முழுவதும் இதழ்மயமான பூக்கள் சிலவற்றைக் காணலாம். விளிம்பில் மட்டும் விழிக்க வேண்டிய சைக்ளாய்டியா குல மரபணு கூட்டம் முழுவதிலும் விழித்துக்கொண்டதே இத்தகைய பூக்களின் காரணம் என்று 2012இல் காட்டப்பட்டது. ஓவியரின் மிகைப்படுத்தல் அன்று. கண்டதைக் கண்டபடி வரைந்திருக்கிறார். வடநாட்டவர் கேந்தா என்று அழைத்துத் தீபாவளிக்கு வாசலெங்கும் தொங்கவிடும் மலரும் இக்குடும்பமே. அதன் ஓர் ‘இதழை’ அடியோடு பறித்துப் பார்த்தால், அது இதழன்று, தனிப் பூ என்பது விளங்கும்.

இவ்வளவு எளிதாக முகம் வரவும் போகவும் கூடுமானால், காட்டிலே அதைக் காத்து நிற்பது எது? ஸ்பெயின் நாட்டு மலைச்சாரலில், கடுகுக் குடும்பத்து எரிசிமம் என்னும் செடியை ஆராய்ந்தவர்கள் 2006இல் ஒரு விடை கூறினர். ஒரே இனத்துக்குள்ளேயே சில செடிகளின் பூக்கள் ஏறத்தாழ வட்டமாகவும், சிலவற்றின் பூக்கள் சற்று முகம் கொண்டவையாகவும் இருந்தன. பூச்சிகள் முகமுள்ளவற்றை மிகுதியாக நாடின. அச்செடிகள் விட்டுச் சென்ற சந்ததியும் மிகுதி. வேறுபாடு சிறியதுதான். ஆனால் நூறு தலைமுறை, ஆயிரம் தலைமுறை என்று அது சேர்ந்துகொண்டே போகும் அல்லவா?

இறுதியாக, லின்னேயஸின் பெலோரியா. சைக்ளாய்டியா கிடைத்தவுடன் நாரிச் ஆய்வாளர்கள் லினேரியாவின் பக்கம் திரும்பினர். ஐந்து வால் பூவிலும் அதே மரபணு கெட்டிருக்கும், டி.என்.ஏ. வாசகத்தில் ஓர் எழுத்துப் பிழை இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. 1999இல் பிலார் குபாஸ், கோரல் வின்சென்ட், கோவன் ஆகிய மூவரும் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. மரபணு உறங்கியது உண்மை. ஆனால் அதன் வாசகத்தில் பிழை ஒன்றும் இல்லை. எழுத்துகளின்மேல் மெதில் என்னும் சிறு வேதியியல் தொகுதிகள் அடர்த்தியாக ஒட்டிக்கொண்டு, வாசகத்தைப் படிக்க முடியாமல் மூடிவிட்டிருந்தன. படி எடுப்பவர் மூலத்தில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. ஒரு பத்தியின்மேல் தாளை ஒட்டி மறைத்துவிட்டார். அந்த ஒட்டுத்தாளும் விதை வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது என்பதுதான் பெருவியப்பு.

இச்செய்தி வந்தபோது, மெண்டலும் டார்வினும் வீழ்ந்தனர், பெற்றோர் தம் வாழ்வில் ஈட்டியவை பிள்ளைகளுக்குச் செல்லும் என்ற லமார்க்கின் கொள்கை வென்றது என்று எழுதியவர் உண்டு. அது அவசரம் என்றே நமக்குப் படுகிறது. மெதில் ஒட்டுவதால் வந்த மாற்றம் செடிக்கு வேண்டும் என்று வந்ததன்று. தேனீயை வரவழைக்க உதவும் முகத்தையே அது இழக்கச் செய்திருக்கிறது. அதன் நிலையும் உறுதியானதன்று. லினேரியா பல்லாண்டு வாழும் செடி. விதையின்றியும் நிலத்தடி வேர்களிலிருந்து புதுத் தண்டுகளை எழுப்பிப் பரவக்கூடியது. பெலோரியச் செடி வளர்ந்துகொண்டிருக்கையில் சில கிளைகளில் மெதில் ஒட்டு கழன்றுபோவதுண்டு. அந்தக் கிளையில் மரபணு விழித்துக்கொள்கிறது. ஒரே செடியில், ஐந்து வால் வட்டப்பூக்களுக்கு அருகே, ஒற்றை வாலுடன் வாய் மூடிய மஞ்சள் முகப்பூக்கள் மலர்ந்து நிற்கின்றன.